ஒருவருக்கும் சொல்லாத பாடம்

மகள் பதினோராம் வகுப்பின் நடுப்பகுதிக்கு வந்தபோது எனக்கு ஒரு விடயம் பிடிபட்டது. மெல்பேர்னில் பிள்ளைகள் மேல்வகுப்புக்கு வந்துவிட்டால் தமிழ்த் தாய்மார் எல்லோரும் கேள்வி கேட்பார்கள், ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். "மகள் என்ன பாடம் எடுக்கிறா?" என்று கேட்பார்கள். "இன்னும் யோசிக்கேல்லை" என்போம். யோசித்து, படிவம் நிரப்பி, கையெழுத்து வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகியிருக்கும். கேட்டவருக்கும் அது தெரியும். அவருடைய வீட்டிலும் அதே கூத்துத்தான் நடக்கும்.

இதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். பிறகு நானும் அதையே செய்தேன். செய்ததில் இந்த நாட்டில் எனக்கிருந்த ஒரேயொரு சிநேகிதியை இழந்தேன். யார் கேட்டாலும் "ஏதோ பிஸி, கதைக்கிறது குறைஞ்சு போச்சு" என்று சமாளிக்கிறேன். உண்மை அதுவல்ல.

எங்கள் வீடு ரோவில் என்ற புறநகரில். கணவருக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்தில் வேலை. இரண்டு கிழமை அங்கே, ஒரு கிழமை இங்கே. அவர் இல்லாத நாட்களில் வீட்டில் நானும் மகளும்தான். மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அறைக்குள் போய்விடுவாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்வாள், திரும்பவும் போய்விடுவாள். குறை சொல்லவில்லை, அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். என் வேலையும் வாய் திறக்காத வேலை. இரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வந்து சேரும் குழாய்களின் ஒட்டுத்தாளையும் படிவத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெயர் சரியா, பிறந்த திகதி சரியா, அவ்வளவுதான். சில நாட்களில் நான் முழு நாளும் பேசிய சொற்களை விரல் விட்டு எண்ணலாம்.

அதனால் காலை ஏழரை மணி எனக்குப் பெரிய விடயமாக இருந்தது. ஏழரைக்கு நான் காரை எடுப்பேன். அதே நேரம் கிரான்பர்னில் என் சிநேகிதியும் எடுப்பாள். "அக்கா, வண்டி எடுத்துட்டேன், சொல்லுங்க" என்று தொலைபேசியில் அவள் குரல் வரும். அவள் திருச்சிக்காரி, என்னைவிட மூன்று வயது இளையவள், ஒரு கம்பனியில் கணினி வேலை. எங்கள் பிள்ளைகள் ஐந்து வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். அங்கே கார் தரிப்பிடத்தில் ஒருநாள் மழைக்குள் அவளுடைய காரின் பட்டரி இறங்கி நின்றது. என் காரில் வயர் இருந்தது, கொடுத்தேன். அன்று தொடங்கிய கதை. வேலைத்தலம் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம். பத்து வருடத்துக்கு மேலாக அந்த இருபத்தைந்து நிமிடமும் அவளுடையது.

நான் அவளை 'நீர்' என்று சொல்வேன். எங்கள் பக்கத்தில் அது மரியாதைக்கும் நெருக்கத்துக்கும் நடுவில் நிற்கிற சொல். அவளுக்கு ஆரம்பத்தில் சிரிப்பு அடங்காது. "என்னக்கா, நீர் வாரும், நீர் அமரும்னு ராஜா காலத்துல பேசுற மாதிரி இருக்கு" என்பாள். பிறகு அவளுக்கே அது பழகிவிட்டது. ஒருநாள் நான் மறந்து 'நீங்கள்' என்றதும் "ஏன்க்கா, கோவமா?" என்று கேட்டாள்.

எல்லாம் கதைப்போம். அவளுடைய மாமியார் மூன்று மாத விசாவில் வந்து ஆறு மாதம் நின்ற கதை, என் மேலதிகாரி ஒட்டுத்தாள் கோணலாக இருந்தால் மின்னஞ்சல் அனுப்புகிற கதை, இட்லி மா இந்தக் குளிருக்குப் புளிக்காத கதை. பிள்ளைகள் மேல்வகுப்புக்கு வந்ததும் கதை பாடங்களுக்குத் திரும்பியது.

இரண்டு பேரின் மகள்களும் கணக்கில் கெட்டிக்காரிகள். வேறு வேறு பள்ளிக்கூடம் என்றாலும், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தை இருவரும் பதினோராம் வகுப்பிலேயே படித்துக்கொண்டிருந்தார்கள். இது எங்களுக்குள் ஒளிவு மறைவு இல்லாமல் தெரியும். அப்படியானால் அடுத்த வருடம் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்துக் கொஞ்சப் படிப்பைச் சம்பாதித்து வைக்கக்கூடிய வழிகள் இங்கே சில உண்டு. அவற்றை மூன்று கிழமையாகக் காரிலேயே ஒப்பிட்டோம்.

முதலாவது, பல்கலைக்கழகக் கணிதம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டுக் கணிதத்தைப் பின்னேர வகுப்பில் படிப்பது. சித்தியடைந்தால் பல்கலைக்கழகம் போனதும் அதைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை, கணக்கில் வைத்துக்கொள்வார்கள். அனுமதிக்கான மதிப்பெண்ணிலும் கொஞ்சம் கூடும். இரண்டாவது ஐ.பி. என்கிற சர்வதேசப் பாடத்திட்டம். அது சில தனியார் பள்ளிகளில்தான் உண்டு, அதற்குப் பிள்ளையைப் பள்ளி மாற்ற வேண்டும். அதன் உயர்நிலைப் பாடங்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் விலக்குத் தரும், சில தரா. சிநேகிதி ஒவ்வொரு பல்கலைக்கழகமாகத் தொலைபேசி எடுத்துக் கேட்டாள். எல்லோரும் "இட் டிபென்ட்ஸ்" என்றுதான் சொன்னார்களாம், எதில் தங்கியிருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாவது தொழிற்கல்வி. கிழமையில் ஒருநாள் டேஃப் கல்லூரிக்குப் போய் ஆய்வுகூட வேலைக்கு ஒரு சான்றிதழ் படிக்கலாம், பிறகு அங்கேயே டிப்ளோமா செய்தால் பாதி கழியும். எங்கள் ஆட்கள் அதைப் பற்றிக் கதைக்கும்போது "நல்ல விசயம்தான்" என்பார்கள். தங்கள் பிள்ளைக்கு என்று நினைத்துச் சொல்லமாட்டார்கள்.

நான் எக்செலில் ஒரு அட்டவணை போட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு கழிக்கும், வகுப்பு எந்த நாள், பஸ் உண்டா, பரீட்சை எப்போது, விழுந்தால் என்ன நட்டம், எல்லாவற்றுக்கும் ஒரு நிரல். நிறமும் அடித்தேன். ஒப்பிட்டு முடிந்தபோது பல்கலைக்கழகக் கணிதத்தின் வரிசை முழுக்கப் பச்சையாக இருந்தது. மகளுக்கும் அதில்தான் விருப்பம். படிவத்தை அனுப்பினோம்.

அட்டவணையைச் சிநேகிதிக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அனுப்பவில்லை.

படிவம் போய் நாலைந்து நாள் இருக்கும். காலையில் அவள் கேட்டாள்.

"அக்கா, என்ன முடிவு பண்ணீங்க?"

எனக்கு முன்னால் வெலிங்டன் ரோட்டில் சிவப்பு விளக்கு. அது பச்சையாகும் வரைக்கும் யோசிக்க நேரம் இருந்தது. உண்மையைச் சொல்லவும் நேரம் இருந்தது.

"அது வேண்டாமெண்டு விட்டிட்டம்" என்றேன். "பிள்ளைக்குப் பாரம். டேஃபில அந்த ஆய்வுகூடப் படிப்பைச் செய்யட்டும். எனக்கும் அந்த வேலை தெரியுந்தானே."

இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் இன்னும் ஒரு படி மேலே போனேன்.

"உம்மட மகளையும் போட்டு வருத்தாதையும். பன்னிரண்டாம் வகுப்பெண்டாலே போதும் போதுமெண்டு இருக்கும். அதுக்குள்ள பல்கலைக்கழகப் படிப்பும் வேணுமோ?"

"கரெக்ட்டுக்கா" என்றாள் உடனே. "நாங்களும் அதான் நினைச்சோம். இவ தமிழ் எடுக்கட்டும், சனிக்கிழமை ஒரு நாள் போனாப் போதும். எதுக்கு டென்ஷன்?"

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவளுடைய மகள் அந்த வகுப்புக்கு வரப்போவதில்லை என்பதில் எனக்குச் சந்தோசம். பத்து வருடம் என்னோடு கதைத்தவளின் பிள்ளை.

ஏன் பொய் சொன்னேன் என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பார்கள். நடக்க இருக்கிற நல்ல காரியத்தை வாயால் சொல்லிவிட்டால் நடக்காது என்பது எங்கள் இரத்தத்தில் ஊறியது. நாட்டை விட்டு வெளிக்கிட்டபோதும் பக்கத்து வீட்டுக்குப் பல்லுக் கட்டக் கொழும்புக்குப் போகிறேன் என்றுதான் சொன்னேன். பிறகு மெல்பேர்னில் இருந்துதான் அவர்களுக்கு உண்மை எழுதினேன். அவர்களும் கோபிக்கவில்லை, அவர்களுடைய மகன் கனடா போனதையும் நாங்கள் அப்படித்தான் அறிந்தோம். என் சிநேகிதி மட்டும் என்ன? வயிற்றில் பிள்ளை இருந்ததை ஐந்தாம் மாதம் வரைக்கும் சொந்த அக்காவுக்கே சொல்லவில்லை, கிரான்பர்ன் வீட்டை வாங்கிப் பால் காய்ச்சிய பிறகுதான் அலுவலகத்தில் சொன்னாள். "கண்ணு பட்டுடும்க்கா" என்று அவளே எனக்கு இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னவள்.

அப்படியானவள் எனக்கு உண்மை சொல்வாள் என்று நான் எப்படி நம்பினேன்? தான் திருடி பிறரை நம்பாள் என்று பழமொழி. நான் திருடியாகவும் இருந்துகொண்டு நம்பினேன்.

மகளுக்கும் கட்டளை போட்டேன். "ஒருத்தருக்கும் சொல்லாதை. முக்கியமா அன்ரிக்கும் அவவின்ர மகளுக்கும் சொல்லாதை."

"வை?"

"கண்ணூறு பிள்ளை."

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் மேத்ஸ்" என்று சிரித்தாள். நான் சிரிக்காமல் நின்றதைப் பார்த்து "ஓகே, ஓகே" என்றாள்.

வகுப்பு புதன்கிழமை பின்னேரம் நாலு மணி முதல் ஆறு மணி வரை. வேறொரு பள்ளிக்கூடத்தில் நடக்கும். சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளில் இருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். எங்கள் மகளின் பள்ளியில் இருந்து அவள் ஒருத்திதான். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவாள். புதன்கிழமைகளில் எனக்குப் பிந்திய முறை வேலை. வீட்டுக்கு வந்ததும் கேட்பேன்.

"வகுப்பு எப்படி?"

"ஃபைன்."

"ஆரும் சிநேகிதம் பிடிச்சியோ?"

"நோ."

தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குப் போய்விடுவாள். முதல் தவணை முடிய அந்த வகுப்பு ஆசிரியரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. மற்றவர்கள் சோடி சோடியாகக் கணக்குச் செய்யும்போது இவள் தனியாகவே செய்து முடிக்கிறாள் என்று எழுதியிருந்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். படம் பிடித்துக் கணவருக்கும் அனுப்பினேன். அவர் பெருவிரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினார்.

காலைக் கதை நிற்கவில்லை, ஆனால் சுமையாகிப் போனது. "டேஃப்ல இன்னிக்கு என்ன பண்ணாளாம்?" என்று அவள் கேட்பாள். நான் என்னுடைய வேலைத்தலத்துக் கதைகளை எடுத்து மகளின் தலையில் கட்டிச் சொல்வேன். வெள்ளைக் கோட்டுப் போட்டாள், நுணுக்குக்காட்டியில் பார்த்தாள், கையுறை போட மறந்து ஏச்சு வாங்கினாள். ஒருமுறை சொன்னதை அடுத்தமுறை ஞாபகம் வைக்கவும் வேண்டும். அவள் தன் மகளின் தமிழ் வகுப்பைப் பற்றிச் சொல்வாள், கட்டுரை எழுதக் கஷ்டப்படுகிறாள், வாய்மொழிப் பரீட்சைக்குப் பயப்படுகிறாள் என்று. நானும் ஆறுதல் சொல்வேன். இருபத்தைந்து நிமிடம் கதைத்துவிட்டுக் காரை நிறுத்தும்போது, ஒருவரோடும் கதைக்காமல் வந்தவள் போல இருக்கும். அவளோடு கதைத்துக்கொண்டே எனக்கு அவள் இல்லாமல் போனாள். அந்தத் தனிமையை நான் முன்பு அறிந்ததில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை நல்ல மழை. வேலையில் கணினிகள் எல்லாம் நின்றுபோய் எங்களை நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை மழைக்குள் பஸ்ஸுக்கு நிற்கப் போகிறாளே என்று நினைத்து வகுப்பு நடக்கும் பள்ளிக்குக் காரை விட்டேன். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. தரிப்பிடத்தில் ஓரிடம் கண்டு உள்ளே விட்டேன். எதிர்வரிசையில் என் காருக்கு நேரே மூக்கோடு மூக்காக ஒரு வெள்ளிநிறக் கார் நின்றது.

இலக்கத்தகட்டைப் பார்த்துத் தெரியவேண்டிய தேவை இல்லை. முன்கண்ணாடியில் அவள் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரை எனக்குத் தெரியும். கண்ணாடித் துடைப்பானின் அசைவுக்கு நடுவே அவளுடைய முகம் தெரிந்து தெரிந்து மறைந்தது. அவளும் என்னைப் பார்த்துவிட்டாள்.

பிறகு அவள் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள். யாரும் அழைக்கவில்லை என்று எனக்குத் தெரியும், திரையில் வெளிச்சம் வரவில்லை. நான் குனிந்து பக்கத்து இருக்கைக்கு முன்னால் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து எதையோ தேடினேன். தேடுவதற்கு அதற்குள் ஒன்றும் இல்லை. ஐம்பது வயதுப் பெண்கள் இரண்டு பேர் பத்து அடி தூரத்தில் இருந்துகொண்டு அப்படி நடித்தோம். யாராவது ஒருத்தி கதவைத் திறந்து இறங்கியிருந்தால் மழைக்குள் நின்று சிரித்திருப்போம். எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

ஆறு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். என் மகள் முன்னால் வந்தாள். பத்து அடி விட்டு அவளுடைய மகள் வந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறிக்கொண்டார்கள். நான் தூரத்து வாசலால் காரை எடுத்தேன்.

பெருந்தெருவுக்கு வந்த பிறகு கேட்டேன்.

"அவவும் உன்ர வகுப்போ?"

"யெஸ்."

"எப்ப துடக்கம்?"

"ஃபர்ஸ்ட் டே."

"ஆறு மாசமாவோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கள்தானே ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டனீங்கள். அவவின்ர அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவவாம். முதல் நாள் அவ எனக்குக் கிட்ட வந்து, மை மம் செட் நோபடி கேன் நோ எண்டு சொன்னா. மீ டூ எண்டு நானும் சொன்னன். அவ்வளவுதான்."

"பிறகு கதைக்கேல்லையோ?"

"பக்கத்தில இருந்தாக் கதைக்க வேண்டி வரும். கதைச்சா வீட்டில வாய் தவறிச் சொல்லிடுவம். அதால அவ முன்னுக்கு, நான் கடைசி வரிசை."

சோடியாகச் செய்யும் கணக்குகளைப் பற்றிக் கேட்டேன். வகுப்பில் பெண்பிள்ளைகள் நாலு பேர்தானாம். மற்ற இரண்டு பேரும் ஒரே பள்ளி, அவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மிச்சம் இவர்கள் இரண்டு பேர்.

"இட் வாஸ் கைண்ட் ஆஃப் லோன்லி" என்றாள். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அன்றைக்கு மழை பெய்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

ஐந்து வயதில் ஒரே மேசையில் இருந்து அ, ஆ எழுதிய பிள்ளைகள். நான் காரை ஓரத்தில் நிறுத்தி அழவேண்டும் போல இருந்தது. நிறுத்தவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

அடுத்த நாள் காலை ஏழரைக்குக் காரை எடுத்தேன். தொலைபேசி அடிக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

நியாயமாக எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது கோபம். தமிழாம் தமிழ்! வாய்மொழிப் பரீட்சையாம்! கட்டுரையாம்! ஆறு மாதம் நான் ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறேன். இரண்டு நாள் அந்தக் கோபத்தோடு வேலைக்குப் போய் வந்தேன். மூன்றாம் நாள் எங்கள் கூடத்தில் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி கையுறை போடாமல் குழாயைத் தொட்டதற்கு ஏச்சு வாங்கினாள். அதைக் கேட்டதும் எனக்கு நான் சொன்ன பொய் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. அன்றோடு கோபம் போனது. கோபம் இருந்தபோது பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது, அது போன பிறகு ஒன்றும் இல்லை.

வாட்ஸ்அப்பில் எழுதினேன், அழித்தேன். "எப்படி இருக்கிறீர்?" என்று எழுதினால், அந்தத் தரிப்பிடத்தை விட்டுவிட்டு எழுதுவதாக இருந்தது. தரிப்பிடத்தை எழுதினால் எங்கே தொடங்குவது? சில நாட்களில் அவளுடைய பெயருக்குக் கீழே 'எழுதுகிறார்' என்று வந்து பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிடும். எழுதி முடித்து ஒன்றும் வரவில்லை. காலையில் வானொலியில் போக்குவரத்துச் செய்தி கேட்கப் பழகினேன். மொனாஷ் பெருந்தெருவில் எந்த இடத்தில் நெரிசல் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும், அந்தத் தெருவில் நான் போவதே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவளைக் கோயிலில் கண்டேன். கோயில் உள்வீதியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுவாமியைச் சுற்றும்போது எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும், எதிரே வந்து சந்திக்க வழியில்லை. அவள் முன்னால், நான் பின்னால். எட்டி நடந்தால் பிடித்துவிடலாம். நான் மெதுவாக நடந்தேன். அவளும் மெதுவாக நடந்தாள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் எங்களுக்கிடையில் இருந்த தூரம் மூன்று சுற்றிலும் மாறவில்லை. பிறகு நான் கொடிமரத்துக்குப் பக்கத்தில் விழுந்து கும்பிட்டு எழும்பும்போது அவள் போய்விட்டாள்.

கணவர் வீட்டுக்கு வந்த கிழமையில் சொன்னேன்.

"ஒரு கோல் எடுத்துக் கதையுமன்" என்றார்.

"அவ எடுக்கட்டும்."

"ரெண்டு பேரும் பொய் சொன்னனீங்கள். கணக்குச் சரிதானே. பிறகென்ன?"

அவருக்கு இது சமன்பாடு. இருபக்கமும் ஒரே எண், வெட்டிவிட்டால் சரி. எனக்கு அப்படி வெட்ட முடியவில்லை. நான் மறைத்ததை அவள் மன்னிப்பாள், தானும் மறைத்தவள்தானே. ஆனால் "உம்மட மகளையும் போட்டு வருத்தாதையும்" என்று அக்கறையாகச் சொன்னேனே, அந்தக் குரலை அவள் மறந்திருக்க மாட்டாள். அவள் "கரெக்ட்டுக்கா" என்று சொன்ன குரலும் என் காதில் இருந்து போகவில்லை.

டிசம்பரில் முடிவு வந்தது. மகள் அந்தக் கணிதத்தில் மிக நன்றாகச் செய்திருந்தாள். முதலாம் ஆண்டுக் கணிதம் படிக்கத் தேவையில்லை, நேரே இரண்டாம் ஆண்டு வகுப்பில் சேரலாம் என்று பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பியது. அட்டவணையில் நான் பச்சை அடித்த எல்லாமே சொன்னபடி நடந்தன. எனக்கு யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. காரியம் முடிந்துவிட்டது, இனிக் கண்ணூறும் பயமில்லை, தாராளமாகச் சொல்லலாம். வேலைத்தலத்தில் பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன். "தட்ஸ் நைஸ்" என்றாள், தன் குழாய்களைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். இந்தச் செய்தியின் பெறுமதி தெரிந்தவள் இந்த ஊரில் ஒருத்திதான், ஒவ்வொரு பல்கலைக்கழகமாக எடுத்துக் கேட்டவள் அவள்தானே.

மார்ச்சில் பல்கலைக்கழகம் தொடங்கியது. இரண்டாம் ஆண்டுக் கணித வகுப்பில் எல்லோரும் மகளைவிட வயதில் மூத்தவர்கள். பதினெட்டு வயதில் அங்கே போய் நின்றவர்கள் இரண்டே இரண்டு பேர். மற்றவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. இந்தமுறை யாரும் கட்டளை போடவில்லை, பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டார்கள். மத்தியானச் சாப்பாடும் ஒன்றாகத்தானாம். பின்னேரங்களில் மகளின் அறையில் இருந்து சிரிப்புக் கேட்கும், தொலைபேசியில் மற்றப் பிள்ளையின் குரலும் கேட்கும். கையில் உடுப்புக்கூடையோடு அந்தக் கதவடியில் கொஞ்ச நேரம் நிற்பேன். எனக்குச் சந்தோசம்தான். கொஞ்சம் பொறாமையும்.

போன கிழமை ஒரு பின்னேரம் மகள் குசினி மேசையில் இருந்து புட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டு, திரும்பாமல் கேட்டேன்.

"உன்ர சிநேகிதி எப்படி இருக்கிறா?"

"குட்."

"வீட்டில எல்லாரும் சுகமாமோ?"

கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது.

"அன்ரியைப் பற்றிக் கேக்கிறீங்களோ?"

"சும்மா கேட்டனான்."

"அவவும் கேக்கிறவ. எவ்ரி வீக். நான் அங்க போற நேரமெல்லாம் கேப்பா. அம்மாவுக்கு முழங்கால் நோ எப்படி, அப்பா வந்திட்டாரோ, காலையில தனியாவா வண்டி ஓட்டிட்டுப் போறாங்க எண்டு." கடைசியை அவள் அந்த வீட்டுத் தமிழிலேயே சொன்னாள். "பட், அக்காகிட்ட சொல்லிடாத எண்டும் சொல்லுவா. அதாலதான் நான் சொல்லேல்லை."

துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தேன். கண் கலங்கியதை மகள் பார்த்திருப்பாள். அவள் எழும்பி என் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் தொலைபேசி. அன்ரியின் இலக்கம் திரையில் இருந்தது.

"அவ இப்ப வீட்டிலதான் நிக்கிறா. கோல் பண்ணட்டோ அம்மா? நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. ஹலோ மட்டும் சொல்லுங்கோ."

கையைப் பழைய சேலைத் துண்டில் துடைத்தேன். தொலைபேசியை வாங்கவும் கை நீட்டினேன்.

"வேண்டாம் பிள்ளை" என்றேன். "பிறகு பாப்பம். நீ இதை எனக்குச் சொன்னனீ எண்டு அவவுக்குச் சொல்லிப் போடாதை."

மகள் என்னைப் பார்த்தாள். வகுப்பில் ஆறு மாதம் கடைசி வரிசையில் இருந்தபோது அவளுடைய முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் கண்டேன். அவள் பாதி சாப்பிட்ட புட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.